வாடகைக்கு ஆள் வருமா?

மனிதர்களில் வீடு வாங்குகிறவர்கள் உண்டு. வீடு விற்கிறவர்கள் உண்டு. இரண்டுக்கும் வழியில்லாமல் மாதம் பிறந்ததும் வாடகை கொடுக்கிறவர்கள் ஏராளம். இந்த மூன்று வகையிலும் சேராத நான்காவது இனம் ஒன்று இருக்கிறது. அது வீட்டை விசாரிக்கிற இனம். இந்த இனத்தைச் சேர்ந்தவரை நீங்கள் கட்டாயம் கண்டிருப்பீர்கள். காணியைக் காட்டினால் தண்ணீர் எப்படி என்பார். தண்ணீரைக் காட்டினால் பாதை எப்படி என்பார். பாதையில் கொண்டுபோய் நிறுத்தினால் பஸ் எத்தனை மணிக்கு, கடைசி பஸ்ஸில் இருக்க இடம் கிடைக்குமா, கிடைக்காவிட்டால் அதில் ஏறிப் போகிறவர்கள் யார், அவர்கள் ஏன் பக்கத்திலேயே குடியிருக்கக் கூடாது என்று கேட்டு, கேட்டதை எழுதி, எழுதியதை வேறொருவரிடம் சரிபார்த்து, கடைசியில் ஒரு பெருமூச்சோடு குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். வாங்குவாரா என்றா கேட்கிறீர்கள்? அவசரப்படாதீர்கள். அவரே அவசரப்படவில்லை.

இந்த இனத்தின் அப்பழுக்கற்ற மாதிரியாகப் பதுளையில் விளங்கியவர் தங்கராஜா முதலாளி. பசார் வீதியில் புடவைக் கடை. தகப்பனார் திருச்சிப் பக்கத்திலிருந்து வந்து போட்ட கடை. நல்ல பெயர், நாணயமான வியாபாரம், சீட்டித் துணி கிழிக்கும்போது ஒரு விரற்கடை கூடவே விட்டுக் கிழிக்கும் கை. குணத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் எதையும் விசாரிக்காமல் செய்ததாகவும் அவர்மேல் யாரும் குற்றம் சொல்ல முடியாது. கல்யாணத்துக்குச் சரஸ்வதியைப் பார்த்துவிட்டு வந்தவர், பெண் வீட்டாரைப் பற்றி இரண்டரை வருடம் விசாரித்தார். மாமனார் பொறுமை இழந்து, தேதி வைத்து, பத்திரிகை அடித்து, ஒரு பிரதியை அவருக்கும் அனுப்பி வைத்ததால்தான் மாப்பிள்ளை குறித்த நேரத்தில் மணவறைக்கு வந்து சேர்ந்தார்.

பெண்டாட்டி வந்து பதினெட்டு வருடமாயிற்று. பதினெட்டு வருடமும் கடைக்குப் பின்தெருவில், இப்றாஹீம் ஹாஜியாருக்குச் சொந்தமான வீட்டில் வாடகைக்குத்தான் குடியிருப்பு. ஹாஜியார் நல்ல மனிதர். சுவரில் ஓர் ஆணி அடிக்கக் கேட்டாலும் மறுக்க மாட்டார். ஆனால் கேட்க வேண்டும். சரஸ்வதிக்கு அப்படிக் கேட்பதுதான் ஆகவில்லை.

அறுபத்தொன்பதாம் ஆண்டு தைமாதம், பசறை வீதியில் ஒரு வீடு விலைக்கு வந்தது. நமுனுகுல பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முப்பது வருடம் டிஸ்பென்சராக இருந்து, தோட்டத்து ஜனங்களுக்குக் கலர்த் தண்ணீர் மருந்தும் கண்டிப்பும் கலந்து கொடுத்து ஓய்வுபெற்ற வீரசிங்கம், தம் கடைசிக் காலத்துக்கென்று கட்டிய வீடு. யாழ்ப்பாணத்து மனிதர். மனைவி தவறிவிட்டார். மகள் கண்டியிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நாலு அறை, முன்னும் பின்னும் தனித்தனி வாசல், குழாய்த் தண்ணீர், பெரியாசுபத்திரிக்கு நடக்கிற தூரம். தரகர் ஸலீம் அதைச் சொன்ன வாயை மூடுவதற்குள் தங்கராஜா முதலாளி கண்ணை மூடி யோசிக்கத் தொடங்கிவிட்டார்.

அன்று சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது விஷயத்தைச் சொன்னார். சரஸ்வதியின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது.

"நாலு ரூமா? தண்ணி வீட்டுக்குள்ளயே வருதா?"

"வருது."

"அப்ப நாம போயிருவோங்க. பிள்ளைகளுக்கு ஸ்கூலும் கிட்ட."

முதலாளி சிரித்தார். வியாபாரம் தெரியாதவர்களைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. "நாம போறதுக்கா வாங்குறது? வாடகைக்கு விடத்தான். துணியில போட்ட காசு பூச்சி அரிக்கும், மோஸ்தர் மாறிரும். வீடு அப்பிடியே நிக்கும். மாசா மாசம் வாடகை வரும்."

"நாம குடுக்குற வாடகை மிஞ்சுமே?"

"நாம இருந்தா நமக்கு யாரு வாடகை குடுக்குறது?"

சரஸ்வதி கரண்டியைக் கீழே வைத்தாள். இதற்குப் பதில் உங்களிடம் இருக்கிறதா? சோறு ஆறிக்கொண்டிருந்தது. முதலாளி தொடர்ந்தார்: "அதுலயும் ஒண்ணு இருக்கு. வாங்கிப் போட்டுட்டு ஆளு வரலன்னா? பூட்டி வச்சிட்டு நாம பாத்துக்கிட்டு நிக்கிறதா? வாடகைக்கு ஆளு வருமா, எப்பிடி ஆளு, எவ்வளவு குடுப்பாங்க, வருசத்துல எத்தன மாசம் சும்மா கெடக்கும், எல்லாத்தையும் மொதல்ல விசாரிச்சிக்கிருவோம்."

மறுநாள் நாற்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்கினார். ஆராய்ச்சி தொடங்கிற்று.

முதல் இடம் ரயில்வே ஸ்டேஷன். பதுளையோடு தண்டவாளம் முடிந்துபோகிறது. அதனால் ரயிலில் வருகிறவன் பதுளைக்குத்தான் வந்தாக வேண்டும் என்பது முதலாளியின் முதல் கண்டுபிடிப்பு. கொழும்பிலிருந்து வரும் காலை வண்டியைப் பன்னிரண்டு நாள் போய்ப் பார்த்தார். பெட்டியோடு மட்டும் இறங்குகிறவன் விருந்தாளி, அவனால் பயனில்லை. பெட்டியும் சுருட்டிய மெத்தையும் கொண்டு இறங்குகிறவன் இடமாற்றத்தில் வருகிற உத்தியோகத்தன், அவன் வாடகைக்காரன். மெத்தைகளை எண்ணி எழுதினார். பன்னிரண்டு நாளில் ஒன்பது மெத்தை. ஒன்பதாவது மெத்தைக்காரரின் பின்னாலேயே நடந்துபோய், அவர் எந்த வீட்டில் ஏறுகிறார் என்று பார்த்தார். அவர் ஆசுபத்திரிக்குள் போய்ப் படுத்துக்கொண்டார். நோயாளி. முதலாளி நேர்மையானவர், எட்டு என்று திருத்தினார்.

அடுத்து கச்சேரி, மாவட்டத்துக் கந்தோர்களுக்கெல்லாம் தலைமையான அரசாங்க அலுவலகம். அங்கே ஒரு லிகிதருக்கு இரண்டு தேநீரும் கடையிலிருந்து ஒரு கைலிச் சாரமும் செலவழித்து, எந்தெந்தக் கந்தோரில் யார் யாருக்கு மாற்றம் வருகிறது என்று தெரிந்துகொண்டார். மாற்றம் வந்தவர்களுக்கே இன்னும் தெரியாத செய்தி அது. ஒருவரை வழியில் கண்டு, "ஐயா, நீங்க மொனராகலைக்குப் போனா இப்ப இருக்குற வீடு காலியாகுமா?" என்று கேட்டுவிட, அந்த மனிதர் அங்கேயே மைல்கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த நாட்களில் ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது. போயா என்கிற பௌத்த விரத நாளுக்குத்தான் கடை மூடுவார்கள். ஒரு போயாவுக்கு பஸ் ஏறி நமுனுகுல பக்கத்துத் தோட்டத்துக்குப் போனார். தோட்டத்து உத்தியோகத்தர்கள் பிள்ளைகளின் படிப்புக்காக டவுனில் வீடு எடுப்பார்களா என்று கேட்பது நோக்கம். கந்தோரில் யாரும் இல்லை. வந்த பஸ் காசு வீணாகக் கூடாது என்று தொழிலாளர் குடியிருக்கிற லயத்துப் பக்கம் நடந்தார். வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்த லெட்சுமி என்ற பெண், கோடாரியைக் கீழே வைத்துவிட்டுப் புடவைக்கடை முதலாளிக்குக் கும்பிடு போட்டாள்.

"டவுன்ல ஒரு வீடு இருக்கு. வாடகைக்கு யாராச்சும் எடுப்பாங்களா?" என்று கேட்டார் முதலாளி.

"எத்தன காம்பரா மொதலாளி?"

"நாலு."

லெட்சுமி தன் பின்னால் இருந்த ஒரே காம்பராவைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளே ஒரு குழந்தை அழுதது. வேறொன்று அதை அதட்டிற்று. கிழவர் ஒருவர் இரண்டையும் அதட்டினார். "நாங்க ஏழு பேருங்க இதுல. அந்த நாலுலயும் இப்ப யாரு இருக்குறா?"

"ஒரு ஐயா தனியா இருக்குறாரு. அவரும் போயிட்டா யாருமில்ல."

"யாருமில்லாம எதுக்குங்க வீடு?"

முதலாளி குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பிறகு கொப்பியை எடுத்து, "தோட்டப் பகுதி: தேவை உண்டு. கேள்வி இல்லை" என்று எழுதினார். கையில் காசோடு வந்து கேட்பதற்குத்தான் கேள்வி என்று பெயர்; பொருளாதாரம் படித்தவர்கள்கூட இவ்வளவு சுருக்கமாக எழுத மாட்டார்கள். எழுதிவிட்டு, பஸ் எத்தனை மணிக்கு என்று அவளிடமே விசாரித்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

இனி சந்திரகாந்தி டீச்சர். பண்டாரவளைப் பெண், பதுளையில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டு, ஒரு வீட்டின் பக்க அறையில் குடியிருந்தார். சேலை எடுக்க வந்த அவரை முதலாளி முக்காலி போட்டு உட்கார வைத்து, சோடா உடைத்துக் கொடுத்து, ஒன்றரை மணி நேரம் கேள்வி கேட்டார். என்ன வாடகை? தண்ணீருக்குத் தனியா? குளிக்கிற இடத்துக்குக் கதவு உண்டா? மாதம் எவ்வளவு வரை கொடுக்க மனம் வரும்? பசறை வீதியில் டிஸ்பென்சர் வீடு மாதிரி ஒன்று கிடைத்தால்? டீச்சர் ஒவ்வொன்றுக்கும் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோலத் தெளிவாகப் பதில் சொன்னார். முதலாளிக்கு உற்சாகம் தாங்கவில்லை. தம் ஆராய்ச்சியின் மெத்தை எண்ணிக்கை, மாற்றப் பட்டியல், மழைக்கால நிலவரம் எல்லாவற்றையும் விரித்து வைத்தார்.

"அந்த வீட்டுக்கு ரெண்டு வாசல், டீச்சர். முன்னால ரெண்டு ரூம்ல ஒருத்தர் இருந்துக்கிட்டு, பின்கட்ட வாடகைக்கு விட்டா, வாங்குன கடன அந்த வாடகையே அடச்சிரும். பத்து வருசத்துல வீடு சும்மா கெடச்ச மாதிரி."

"நல்லா விசாரிச்சிருக்கீங்க மொதலாளி" என்றார் டீச்சர். சேலை எடுக்கவில்லை. சோடாவைக் குடித்துவிட்டு, ஏதோ யோசனையாக எழுந்து போனார்.

ஆராய்ச்சியின் உச்சக்கட்டம் மாசியில் வந்தது. வீட்டுக்காரர்கள் உண்மையான வாடகையை வாடகைக்கு வருகிறவனிடம்தான் சொல்வார்கள் என்பது முதலாளிக்குப் பளிச்சென்று பட்டது. ஆகவே தாமே வாடகைக்கு வீடு தேடுகிறவராகப் புறப்பட்டார். வாரத்தில் ஒருநாள், காலையில் இரண்டு வீடு, கடை அடைத்தபின் இரண்டு வீடு. "நமக்குத்தான், குடும்பத்துக்கு. இப்ப இருக்குற எடம் காணாது" என்று முகத்தை வாட்டமாக வைத்துக்கொண்டு சொல்வார். அறை அறையாக நடப்பார். அடுப்புப் புகை எங்கே போகும் என்று கேட்பார். சில வீடுகளில் அவர் காட்டிய அக்கறையைக் கண்டு காப்பி கொடுத்தார்கள். ஒரு வீட்டில், இத்தனை வருடம் வியாபாரம் செய்தும் சொந்தமாக ஒரு கூரை இல்லையே என்று ஒரு அம்மாள் கண்கலங்கினார். முதலாளியும் கலங்கினார். கலங்கிக்கொண்டே வாடகையைப் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லிப் பார்த்தார். எல்லாம் கொப்பியில் ஏறியது.

மூன்று வாரம் கழிந்து தரகர் ஸலீம் மூச்சு வாங்கக் கடைக்கு வந்தார்.

"மொதலாளி, இனியும் சுணங்கினா சரிவராது. டவுன் முழுக்க ஊடு தேடுறாங்க. நேத்து மட்டும் நாலு எடத்துல வந்து கேட்டிருக்காங்களாம். எல்லாம் வசதியான பார்ட்டியாம். வாடகைய ஏத்தப் போறாங்க எல்லாரும்."

"நேத்து நாலா?" முதலாளி கொப்பியை எடுத்தார். முகம் மலர்ந்தது. "எங்கெங்க?"

ஸலீம் இடங்களைச் சொன்னார். முதலாளி நான்கையும் எழுதினார். நான்கும் தாம் முதல்நாள் போய்வந்த வீடுகள் என்பது அவருக்குத் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? வீடு தேடுகிற ஏழைக் குடும்பஸ்தன் வேறு, ஆராய்ச்சி செய்கிற தங்கராஜா வேறு. பக்கத்தின் அடியில், "கேள்வி அதிகரிக்கிறது" என்று எழுதி இரண்டு கோடு போட்டார். தான் போட்ட சத்தத்தைத் தானே கேட்டு, எதிரே ஆள் வருகிறது என்று ஒதுங்கி நின்றவரை உங்களுக்குத் தெரியுமா? இப்போது தெரியும்.

"அப்ப முடிச்சிருவோமா?" என்றார் ஸலீம்.

"அது எப்பிடி ஸலீம் நானா? இது மாசி. பங்குனி, சித்திரையிலயும் இதே மாதிரி கேக்குறாங்களான்னு பாக்கணுமே. வருசப் பிறப்போட எல்லாரும் ஊருக்குப் போயிட்டா?"

ஸலீம் தொப்பியைக் கழற்றி, உள்ளே எதையோ தேடுவதுபோலப் பார்த்து, மீண்டும் போட்டுக்கொண்டார். தரகுத் தொழிலில் இருபது வருடம் நின்றவர். வீட்டைக் குறை சொல்கிறவனைச் சமாளிப்பார், விலையைக் குறை சொல்கிறவனைச் சமாளிப்பார். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று தாமே நிரூபித்துவிட்டு வாங்காமல் நிற்கிறவரை என்ன செய்வது?

சித்திரையில் டிஸ்பென்சர் வீரசிங்கம் தாமே கடைக்கு இறங்கி வந்தார். வெள்ளை வேட்டி, கையில் தடி. முக்காலியில் உட்கார மறுத்துவிட்டார்.

"தம்பி, முப்பது வருசமா உங்கட கடையிலதான் உடுப்பு எடுத்தனான். உங்கட தேப்பனையும் தெரியும். வீட்டை உங்களுக்குக் குடுக்கவேணும் எண்டுதான் இவ்வளவு நாளும் பாத்துக்கொண்டிருந்தனான். வைகாசிக்கு முன்னம் நான் மகளிட்டப் போகவேணும். ஓமெண்டால் ஓம், இல்லையெண்டால் இல்லையெண்டு சொல்லுங்கோ. நான் கோவிக்கமாட்டன்."

"ஐயா, ஓம்தான். நூத்துக்குத் தொண்ணூறு ஓம். ஒரே ஒரு விசயம். மழைக்குப் பின்கட்டுல ஒழுகுமா இல்லையான்னு..."

"மழைக்கு வந்து பாத்தனீங்கள்தானே? குடையைப் பிடிச்சுக்கொண்டு கூரையையே பாத்துக்கொண்டு நிண்டீங்கள். ஒழுகேல்லை."

"ஆமாங்க. அது சாதாரண மழை. இன்னும் ஒரு பெரிய மழை..."

வீரசிங்கம் அவரை நெடுநேரம் பார்த்தார். முப்பது வருடம் நோயாளிகளைப் பார்த்த பார்வை; இதற்கு மருந்து கிடையாது என்று தெரிந்துகொண்ட பார்வை. "சரி தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு, தடியை ஊன்றிக்கொண்டு படி இறங்கினார்.

அன்று இரவு வீட்டில் முதலாளி இதைச் சொன்னபோது சரஸ்வதி பிள்ளைகளுக்குப் பாய் விரிக்கப் போய்விட்டாள். மூன்றாம் நாள் பெரிய மழை வந்தது. முதலாளி குடையும் கையுமாகப் பசறை வீதிக்கு ஓடினார். பின்கட்டில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. சந்தோஷத்தில் நனைந்துகொண்டே முன்வாசலுக்கு வந்து கதவைத் தட்டினார். ஓம் என்று சொல்லத்தான் போனார். அதை மறுக்கக் கூடாது. தொண்ணூறு நூறாகியிருந்தது.

கதவைத் திறந்தவர் சந்திரகாந்தி டீச்சர்.

"வாங்க மொதலாளி! நனஞ்சிட்டீங்களே. உள்ள வாங்க. டிஸ்பென்சர் ஐயா முந்தாநாள் எழுதிக் குடுத்துட்டாரு. சாமான் அடுக்கிக்கிட்டு இருக்காரு. நானே கடைக்கு வந்து சொல்லணும்னு இருந்தேன். என் தம்பி வெலிமடையில உருளக்கெழங்குல கொஞ்சம் காசு கண்டிருந்தான், அதக் கையில வச்சிக்கிட்டு என்ன பண்றதுன்னு கேட்டுக்கிட்டே இருந்தான். நீங்க சொன்ன கணக்க அப்பிடியே அவன்கிட்ட சொன்னேன். முன்னால நான் இருந்துக்கிட்டு, பின்கட்ட வாடகைக்கு விடுறது. எல்லாம் நீங்க சொல்லித் தந்ததுதான்."

பாவம், டீச்சர் அதை மனதாரச் சொன்னார். அந்த முகத்தில் நன்றியைத் தவிர வேறொன்றுமில்லை. முதலாளி வாசலில் நின்றபடியே, "நல்லதுங்க, ரொம்ப நல்லது. கூரை ஒழுகல. பாத்துட்டேன்" என்றார். பிறகு திரும்பி நடந்தார். குடையை விரிக்க மறந்துபோனார்.

இத்தோடு போயிருந்தால் இது ஒரு வீடு கைநழுவிய கதை. அப்படி நழுவுவது தினம் நாலு பேருக்கு நடக்கிறது. ஆனால் தங்கராஜா முதலாளி செய்தது அரைகுறை ஆராய்ச்சி அல்லவே. அதன் பலனும் முழுதாக வந்து சேர வேண்டும்.

ஒரு வாரம் கழித்து, வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து, இப்றாஹீம் ஹாஜியார் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு தட்டு தொதல் இனிப்பு. சரஸ்வதி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். ஹாஜியார் தாடியைத் தடவிக்கொண்டு, சந்தோஷமும் கூச்சமுமாகப் பேசினார்.

"மகள் றஷீனாவுக்கு மாப்புள பேசி முடிஞ்சி. நல்ல எடம். எங்கட ஆக்கள்ல பொம்புளப் புள்ளைக்கி ஊடு ஒண்டு எழுதிக் குடுக்கோணும், உங்களுக்குத் தெரியும்தானே. நாங்க இருக்கிறது போக எனக்கு மிச்சம் இருக்கிற ஊடு இது ஒண்டுதான். பதினெட்டு வருஷம் இருந்தவங்கள எப்புடி எழும்பச் சொல்லுற? எனக்கு வாயே வரல்ல. ராவெல்லாம் தூக்கமில்ல. அப்பதான் கேள்விப்பட்டேன், மொதலாளி டவுன் முழுக்க ஊடு தேடுறீங்க, இந்த எடம் காணாதெண்டு சொல்லுறீங்கண்டு. ஒரு ஆள் ரெண்டு ஆள் இல்ல, பதினாறு எடத்தால வந்து சொன்னாங்க. அல்ஹம்துலில்லாஹ்! நான் கேக்காமலே அல்லாஹ் வழியத் தந்துட்டான். மாப்புள ஊட்டுக்கும் வார்த்த குடுத்துட்டேன். ஆனி மாசம் நிக்காஹ். அதுக்குள்ள போயிருவீங்கதானே?"

முதலாளியின் வாய் திறந்தது. என்ன சொல்வது? நான் வீடு தேடவில்லை, தேடுகிறவன்போல நடித்தேன் என்பதா? ஊரெல்லாம் சொன்ன பொய்யை, தூக்கமில்லாமல் வந்து தொதலோடு உட்கார்ந்திருக்கிற மனிதரிடம் அவிழ்ப்பதா? ஒரு பெண்பிள்ளையின் கல்யாணத்தைக் குலைப்பதா? சட்டம் பேசலாம்தான். வாடகைக்காரனைத் தூக்கி எறிய முடியாது என்று சட்டம் இருப்பது முதலாளிக்குத் தெரியும். அதையும் விசாரித்துப் பன்னிரண்டாம் பக்கத்தில் எழுதி வைத்திருந்தார், வீட்டுச் சொந்தக்காரனாகப் போகிறவனின் கவலையோடு. இப்போது அந்தப் பக்கம் அவருக்குச் சாதகமாக இருந்தது. ஆனால் ஹாஜியாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைப் படிக்க அவரால் முடியவில்லை. முதலாளியின் குணத்தில் குறை சொல்ல முடியாது என்று முன்பே சொன்னேன்.

"போயிருவோம் ஹாஜியார்" என்றார். குரல் யாருடையதோபோல இருந்தது.

ஹாஜியார் போனபின் சரஸ்வதி தொதலைப் பிள்ளைகளுக்கு வெட்டிக் கொடுத்தாள். தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"பதினாறு வீடா பாத்தீங்க?"

"பதினேழு. ஒண்ணுல ஆள் இல்ல."

"நமக்குன்னு ஒரு வீட்டயாச்சும் பாத்தீங்களா?"

கொப்பி சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்தது. முதலாளி அதை எடுத்து மேசையில் வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்தத் தடவை வாடகை குறைக்கச் சொல்ல எதிரே வீட்டுக்காரர் யாரும் இல்லை.

சரஸ்வதி கொப்பியை ஓரமாகத் தள்ளினாள். "சரி, அழுது என்ன பண்றது. பழைய வாடகைக்கு இனி எங்க கெடைக்கும்?"

எங்கும் கிடைக்கவில்லை. அதுதான் ஆராய்ச்சியின் அடுத்த பலன். வசதியான பார்ட்டிகள் கூட்டம் கூட்டமாக வீடு தேடுகிறார்கள் என்ற செய்தியில் டவுன் முழுக்க வாடகை ஏறியிருந்தது. மாசியில் காப்பி கொடுத்த வீடுகளில் இப்போது ஆறு மாத முற்பணம் கேட்டார்கள். கண்கலங்கிய அம்மாள்கூட, "அன்னைக்கே எடுத்திருக்கலாமே தம்பி" என்று பதினைந்து ரூபாய் கூட்டிச் சொன்னார்.

கடைசியில் சரஸ்வதி தலையை முடிந்துகொண்டு, பிள்ளைகளை அண்டை வீட்டில் விட்டுவிட்டு, தனியாகப் பசறை வீதிக்கு நடந்தாள். பின்கட்டைச் சுற்றிப் பார்த்தாள். குழாயைத் திறந்து தண்ணீரில் கையை நனைத்தாள். டீச்சரும் அவளும் படியில் உட்கார்ந்து பத்து நிமிடம் பேசினார்கள். பத்தே நிமிடம். வாடகை முடிவாயிற்று, குடிவருகிற நாள் முடிவாயிற்று. துணி காயப்போடுகிற கொடி யாருக்கு எந்தப் பக்கம் என்பதுகூட முடிவாயிற்று. எழுந்திருக்கும்போது சரஸ்வதி ஒன்று மட்டும் கேட்டாள்.

"டீச்சர், இந்த வீட்ட எப்பவாச்சும் விக்கிறதா இருந்தா, எங்கிட்ட சொல்லுங்க. அவருகிட்ட வேணாம். எங்கிட்ட."

டீச்சர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "சொல்றேன் அக்கா" என்றார்.

வைகாசி கடைசியில் சாமான் ஏறிற்று. றஷீனாவின் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு போய், முதலாளி தம் கடையிலேயே விலையுயர்ந்த சேலையாகப் பார்த்துப் பரிசு வைத்தார். புது வீட்டில் பிள்ளைகள் தண்ணீர்க் குழாயை விட்டு நகரவில்லை. தம்பியிடம் டீச்சர் வாங்கிய கடனைப் பின்கட்டு வாடகை மாதந்தோறும் அழகாக அடைத்துக்கொண்டு வந்தது. முதலாளி சொன்ன கணக்கில் ஒரு சதம் பிசகவில்லை. பத்து வருடத்தில் வீடு சும்மா கிடைத்த மாதிரித்தான், டீச்சருக்கு. அடுத்த வருடம் ஒரு போயாவுக்கு ஹாலிஎல பக்கம் குடையும் கையுமாக ஒருவர் நின்று, காணியைப் பார்ப்பதும் மேகத்தைப் பார்ப்பதுமாக இருந்ததைப் பஸ்ஸில் போன பலர் கண்டார்கள். சரஸ்வதியிடமும் வந்து சொன்னார்கள். அவள் டீச்சரோடு சேர்ந்து ஒரு சீட்டுப் பிடித்திருந்தாள். அதைப் பற்றி வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

இதைச் சிரித்துக்கொண்டு வாசித்த உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்த வீடு என்ன விலைக்குப் போயிற்று என்று நான் எங்குமே சொல்லவில்லை. கவனித்தீர்களா? பின்கட்டுக்கு மாதம் எவ்வளவு என்றும் சொல்லவில்லை. கவனித்து, எங்கேயாவது விட்டுவிட்டோமோ என்று இரண்டு பக்கம் பின்னால் போய்ப் புரட்டியிருந்தால், அந்தக் காலத்து விலைக்கு இந்தக் காலத்தில் எவ்வளவு என்று மனதுக்குள் ஒரு பெருக்கலும் போட்டிருந்தால், நான் உங்களுக்குச் சொல்ல வேறொன்றும் இல்லை. உங்களைப் பற்றித்தான் இவ்வளவு நேரமும் பேசிக்கொண்டிருந்தேன். இல்லை, நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்கிறீர்களா? நம்புகிறேன். உங்கள் மனைவி பக்கத்தில் இருந்தால் மட்டும் அதைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள்.